சொம்பா, குடமா? ஹைபிரிடும் பிளக்-இன் ஹைபிரிடும்

(பேசிய எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும், நடுவில் குக்கர் விசில் அடித்த இடத்தையும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரு வீட்டுப் பஞ்சாயத்துல ஆரம்பிச்சது. எங்க அப்பா அரசுப் பள்ளி ஆசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவர். மூலக்குளத்துல வீடு. கையில வந்த பணத்துல ஒரு பகுதியை எடுத்து கார் வாங்கணும்னு முடிவு பண்ணிட்டார். அம்மாவுக்கு மாசம் ஒரு தடவை சென்னையில செக்கப் இருக்கு. பஸ்ல போய் வர்றது அவங்களால முடியல. அதனால இது ஆசைக்கு வாங்குற கார் இல்லை. அதே நேரம், இந்தப் பணம் போனா அப்பாவுக்கு இன்னொரு பணம் வரப்போறதில்லை.

ஷோரூம் போய்ட்டு வந்தவர் என்கிட்ட கேட்ட கேள்வி இது: "தம்பி, ஹைபிரிட்னு ஒண்ணு சொல்றான். தானாவே சார்ஜ் ஆகுமாம். உன் அக்கா கனடாவுல வெச்சிருக்கிறது பிளக்ல சொருவுற ஹைபிரிடாம். ரெண்டுல எது நல்லது?"

நான் சாஃப்ட்வேர் ஆளு. காலேஜ்ல படிச்சது இன்ஜினியரிங். ஆனா அந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல. ரெண்டு வாரம் உட்கார்ந்து படிச்சு, கணக்கு போட்டு, கடைசியில அப்பாகிட்டயே தோத்துப் போனேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல காரோட பின்பக்கம் "ஹைபிரிட்"னு எழுதியிருந்தா உடனே நம்பிடாதீங்க. இங்க மைல்டு ஹைபிரிட்னு ஒண்ணு இருக்கு. சிக்னல்ல நின்னா இன்ஜினை அணைச்சு, மறுபடி கிளம்பும்போது சின்னதா ஒரு கைகொடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் மட்டும் தனியா காரை ஓட்டாது. 2015-ல மத்திய அரசோட ஃபேம் மானியத் திட்டம் வந்தப்போ இதுக்கும் மானியம் கிடைச்சது. 2017 ஏப்ரலோட மைல்டு ஹைபிரிடை அந்தப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. மானியம் போயும் பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பாவுக்கு ஷோரூம்ல முதல்ல காட்டின கார் இந்த வகைதான். அவர் "ஹைபிரிட் வேணும்"னு கேட்டார், அவங்களும் "ஹைபிரிட்தான் சார்"னு சொன்னாங்க. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

நாம பேசப்போறது ஸ்ட்ராங் ஹைபிரிட். இங்க சாதாரணமா கண்ணுல படுறது டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி இ-ஹெச்இவி. எல்லாமே 2022-ல வெளிவந்தவை. உலக அளவுல இதுக்கு மூத்தவர் 1997 டிசம்பர்ல ஜப்பான்ல வந்த டொயோட்டா ப்ரியஸ்.

சரி, ஹைபிரிடுக்கும் பிளக்-இன் ஹைபிரிடுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் பெட்ரோல் இன்ஜின் இருக்கு, மோட்டார் இருக்கு, பேட்டரி இருக்கு. ஆனா பேட்டரியோட அளவைப் பாருங்க. அதுக்கு நம்ம கரண்ட் பில்லையே எடுத்துக்கலாம். பில்லுல இருக்கிற ஒரு யூனிட்டும், கார் பேட்டரிக்குச் சொல்ற ஒரு கிலோவாட் அவரும் ஒண்ணுதான். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்ல இருக்கிற பேட்டரி 0.76 யூனிட். உங்க வீட்டு ஒன்றரை டன் ஏசியை அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டினா காலி. அக்கா வெச்சிருக்கிறது டொயோட்டா ராவ்4 பிரைம். அதுல 18.1 யூனிட். இருபது மடங்குக்கும் மேல.

ஒண்ணு சொம்பு, இன்னொண்ணு குடம். சொம்புல ராத்திரிக்குன்னு தண்ணி சேர்த்து வைக்க முடியாது. குழாய்ல பிடிக்கணும், ஊத்தணும், மறுபடி பிடிக்கணும். சாதாரண ஹைபிரிட் நாள் முழுக்கப் பண்றது அதைத்தான். பிரேக் போடும்போது, இறக்கத்துல உருளும்போது, மோட்டார் ஜெனரேட்டரா மாறி கரண்டைப் பிடிச்சு வெச்சுக்கும். அடுத்த நிமிஷம் கார் நகரும்போது அதைச் செலவழிச்சிடும். பேட்டரியை மட்டும் நம்பி ஓடுறது ஓரிரு கிலோமீட்டர்தான்.

இவ்வளவு சின்ன சொம்பால மைலேஜ் எப்படி ஏறுது? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. நிதானமான வேகத்துல, கொஞ்சம் பாரத்தோட ஓடினா நல்லா வேலை செய்யும். ஊர்ந்து போனா பெட்ரோலை வீணடிக்கும். காலையில ஒன்பது மணிக்கு மூலக்குளத்துலேருந்து ரெட்டியார்பாளையம் வழியா இந்திரா காந்தி சதுக்கம் வரைக்கும் போய்ப் பாருங்க. முதல் கியர், ரெண்டாவது கியர், பிரேக், மறுபடி முதல் கியர். இன்ஜினுக்கு இதைவிடக் கொடுமை வேற கிடையாது. ஹைபிரிட்ல அந்த ஊர்ற வேலையை மோட்டார் எடுத்துக்குது. இன்ஜின் தூங்குது. வேகம் ஏறும்போதுதான் எழுந்து வருது. வர்றப்பவும், தனக்கு வசதியான நிலையில ஓடி, மிச்ச சக்தியைப் பேட்டரிக்குத் தள்ளுது.

டொயோட்டா இதை ஒரு பல்சக்கரக் கூட்டத்தால செய்யுது. நடுவுல சூரியன் மாதிரி ஒரு பல்சக்கரம், அதைச் சுத்தி கோள்கள் மாதிரி சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். கோள்களைத் தாங்குற சட்டத்துல இன்ஜின் இணைஞ்சிருக்கு. சூரியன்ல ஒரு ஜெனரேட்டர். வளையத்துப் பக்கம் பெரிய மோட்டாரும் காரோட சக்கரமும். ஜெனரேட்டரோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சாலே போதும், இன்ஜின் வேகமும் சக்கரத்தோட வேகமும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாம மாறும். கிளட்ச் மிதிக்கிற வேலையும் இல்லை, கியர் மாத்துற குலுக்கலும் இல்லை. காலேஜ்ல இந்த எபிசைக்ளிக் கியரை செமஸ்டர் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன். எதுக்குன்னு புரிஞ்சது இப்பத்தான். ஹோண்டாவோட வழி வேற: ஊருக்குள்ள பெரும்பாலும் இன்ஜின் கரண்ட் தயாரிக்கும், மோட்டார் காரை ஓட்டும். ஹைவே வேகத்துல மட்டும் இன்ஜினை ஒரு கிளட்ச் நேரா சக்கரத்தோட சேர்த்துவிடும்.

அதனாலதான் சாதாரண கார் ஹைவேல நல்ல மைலேஜும் ஊருக்குள்ள மோசமான மைலேஜும் தரும்போது, ஹைபிரிடோட பலம் ஊருக்குள்ள தெரியுது. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் அன்னைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட அனுபவம் இருக்கா? அந்த நெரிசல்ல சத்தமே இல்லாம நகர்ற கார் ஹைபிரிட்தான்.

இப்ப ஷோரூம் வசனத்துக்கு வருவோம். "தானாவே சார்ஜ் ஆகும் சார், பாதி நேரம் கரண்ட்லதான் ஓடும்." ஹைரைடர் வந்தப்போ டொயோட்டா சொன்ன கணக்கு, 40 சதவீத தூரமும் 60 சதவீத நேரமும் மின்சாரத்துல ஓடும் திறன் இருக்குன்னு. சரி. ஆனா அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது? வீட்டுச் சுவத்துலேருந்து வரல. இன்ஜின் எரிச்ச பெட்ரோல்லேருந்து வந்தது, இல்லை, ஏற்கெனவே பெட்ரோல் எரிச்சு ஏத்தின வேகத்தை பிரேக்ல திரும்பப் பிடிச்சதுலேருந்து வந்தது. அந்த கார் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு பெட்ரோல் பங்க்லதான் கட்டுறீங்க. குறைவா கட்டுறீங்க, அது நிஜம். இலவசம் எதுவும் இல்லை. இதை அப்பாகிட்ட சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடிப்போச்சு. "தானா சார்ஜ் ஆகும்"ங்கறதை அவர் வேற மாதிரி புரிஞ்சு வெச்சிருந்தார்.

பிளக்-இன் ஹைபிரிட் அந்த இடத்துலதான் பிரியுது. அதோட குடத்தை ராத்திரி வீட்டு பிளக்ல நிரப்பலாம். ராவ்4 பிரைம் முழு சார்ஜ்ல 68 கிலோமீட்டர் ஓடும்னு அமெரிக்க அரசோட சோதனை எண் சொல்லுது. அந்த 68-க்குள்ள உங்க நாள் முடிஞ்சுட்டா பெட்ரோலே வேண்டாம். தாண்டினா இன்ஜின் எழுந்து, சாதாரண ஹைபிரிட் மாதிரி ஓட ஆரம்பிச்சிடும். நடுரோட்ல நிக்கிற பயம் இல்லை. இந்த ஐடியா புதுசும் இல்லை. சீனாவோட பிஒய்டி 2008 டிசம்பர்லயே எஃப்3டிஎம்னு ஒரு பிளக்-இன் காரை விற்பனைக்கு விட்டுடுச்சு.

கேட்கும்போது எல்லாருக்கும் தோணுறது ஒண்ணுதான்: ரெண்டு உலகத்தோட நல்லதும் இதுல இருக்கே, இதையே வாங்கிடலாமே? எங்க அக்காவும் அப்படித்தான் நினைச்சாங்க.

அக்கான்னா பெரியம்மா பொண்ணு. டொரன்டோவுல ஸ்கார்பரோ. நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற பகுதி, இட்லி மாவு பாக்கெட் தெருமுனையிலேயே கிடைக்கும். 2022-ல ராவ்4 ஹைபிரிடா, ராவ்4 பிரைமான்னு யோசிச்சாங்க. அவங்க பார்த்த ரெண்டு வேரியண்ட்டுக்கும் நடுவுல 10,000 டாலருக்கு மேல வித்தியாசம். ஆனா அப்போ கனடா மத்திய அரசு பிளக்-இன்னுக்கு 5,000 டாலர் தள்ளுபடி கொடுத்துக்கிட்டு இருந்தது. அந்தத் தள்ளுபடி கண்ணைக் கட்டிடுச்சு. பிரைமை வாங்கிட்டாங்க.

அவங்க இருந்தது ஒரு அடுக்குமாடி. கார் நிக்கிறது தரைக்குக் கீழே மூணாவது பார்க்கிங் தளத்துல. அங்க பிளக் கிடையாது. பிளக் வைக்க அனுமதி கேட்டாங்க. கட்டட நிர்வாகக் குழு கூட்டம் போட்டது, மதிப்பீடு கேட்டது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சது. ரெண்டு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. அந்த ரெண்டு வருஷமும் அக்கா 18 யூனிட் பேட்டரியைச் சுமந்துக்கிட்டு முழுக்க காஸ்லயே ஓட்டினாங்க. அங்க பெட்ரோலை காஸ்னுதான் சொல்வாங்க.

இதுல கசப்பான விஷயம் என்னன்னா, சார்ஜ் போடாத பிளக்-இன், விலை குறைஞ்ச ஹைபிரிடைவிட மோசம். குடத்துக்கு எடை இருக்கே. ராவ்4 ஹைபிரிடைவிட பிரைம் 200 கிலோவுக்கு மேல கனம். மூணு பெரிய ஆளுங்களைத் தினமும் சும்மா ஏத்திக்கிட்டுப் போற மாதிரி. அமெரிக்க சோதனை எண்கள்ல ஹைபிரிட் ஒரு கேலனுக்கு 40 மைல், சார்ஜ் இல்லாத பிரைம் 38 மைல். வித்தியாசம் சின்னதுதான். ஆனா 10,000 டாலர் கூடக் கொடுத்து, ஒரு கேலனுக்கு ரெண்டு மைலைக் குறைச்சு வாங்கியிருக்கோம்னு தெரியும்போது, அது சின்னதா தோணாது. "டேய், காசு குடுத்து பாரத்தை வாங்கிருக்கேன்டா"ன்னு அக்கா ஒரு நாள் போன்ல சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா மாமா பக்கத்துல இருந்தா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க.

அக்கா தனி ஆளு இல்லை. 2018-ல பிரிட்டன்ல, கம்பெனி காரா வாங்கின பிளக்-இன்களைத் திருப்பிக் கொடுக்கும்போது சில கார்கள்ல சார்ஜிங் கேபிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்ததுன்னு செய்தி வந்தது. 2024 மார்ச்ல ஐரோப்பிய ஆணையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2021-ல பதிவான கார்களோட உள்ளேயே இருக்கிற மீட்டர்லேருந்து எடுத்த நிஜ எரிபொருள் கணக்கு அது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக்கூட எண்ணைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலா புகை விட்டிருக்கு. பிளக்-இன் ஹைபிரிட்கள் மூன்றரை மடங்கு. காரணம் கார் மோசம்ங்கறது இல்லை. தினமும் சார்ஜ் போடுவாங்கன்னு நம்பித்தான் சோதனைக்கூடம் அந்த எண்ணைக் கொடுக்குது. வாங்கினவங்க அவ்வளவு போடல.

அக்கா கதை அதோட முடியல. 2024-ல அவங்க ஏஜாக்ஸ் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிபோனாங்க. வீட்டோட ஒட்டின கராஜ், அதுக்குள்ள ஒரு சாதாரண பிளக். ஸ்பெஷல் சார்ஜர் எதுவும் வைக்கல. காலி பேட்டரியை அந்த 120 வோல்ட் பிளக்ல நிரப்ப 12 மணி நேரம் ஆகும். ஆபீஸுக்குப் போய் வர 50 கிலோமீட்டர், அதுக்கு ஒரு ராத்திரி கிட்டத்தட்டப் போதும். ஒன்டாரியோவுல ராத்திரி 11-லேருந்து காலை 7 வரைக்கும் ரொம்பக் குறைஞ்ச விலையில கரண்ட் தர்ற ஒரு திட்டம் 2023-ல வந்தது. அக்கா குடிபோனப்போ ஒரு யூனிட் 2.8 சென்ட். அந்த 50 கிலோமீட்டருக்கு சுமார் 11 யூனிட், அதாவது 31 சென்ட். விநியோகக் கட்டணம் தனி, அதைச் சேர்த்துக்கங்க. அதே தூரத்தை காஸ்ல ஓட்டினா 3 லிட்டர், லிட்டர் ஒன்றரை டாலர்னு வெச்சா நாலரை டாலர். அதே கார், அதே ஆபீஸ். மாறினது கார் ராத்திரி தூங்குற இடம் மட்டும். கடுங்குளிர்ல சில நாள் பேட்டரியில சார்ஜ் இருந்தும் இன்ஜின் தானா எழுந்துக்குதாம், அது வேற விஷயம்.

இதனாலதான் இப்ப யாராவது என்கிட்ட "ஹைபிரிடா பிளக்-இன்னா"ன்னு கேட்டா, நான் காரைப் பத்திக் கேக்குறதே இல்லை. உங்க கார் ராத்திரி எங்க நிக்குது, அங்கேருந்து கை நீட்டினா பிளக் எட்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க? தெருவுல கார் விடுறவங்க, அப்பார்ட்மென்ட்ல செக்ரட்டரியோட மல்லுக்கட்டுறவங்க எல்லாம் பிளக்-இன் பேச்சை அங்கேயே நிறுத்திடலாம். என் கருத்து இதுல ரொம்பக் கறார்.

இனி மூலக்குளத்துக்கு வருவோம். எங்க வீட்ல போர்ட்டிகோ இருக்கு, அதுல 15 ஆம்ப் பிளக்கும் இருக்கு. அப்பா காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார்: "அப்போ நமக்கு பிளக்-இன்னுதான்." ஆனா ஒரு சிக்கல். நான் இதைப் பேசுற நேரத்துல இந்தியாவுல ரிட்டையர் ஆன வாத்தியார் வாங்குற விலைக்கு ஒரு பிளக்-இன் ஹைபிரிட் கூட ஷோரூம்ல கிடையாது. இருக்கிறதெல்லாம் ரேஞ்ச் ரோவர், பிஎம்டபிள்யூ எக்ஸ்எம், லம்போர்கினி ரெவுவெல்டோ மாதிரி ஆளுங்க. லம்போர்கினியை வில்லியனூர் சந்தைக்கு எடுத்துட்டுப் போய் முருங்கைக்காய் வாங்கலாம், தப்பில்லை.

ஏன் இங்க வரல? வரி ஒரு பெரிய காரணம். முழு எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஹைபிரிட், பிளக்-இன் ரெண்டும் ஒரே கூடையில: 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி பெரிய ஹைபிரிட் காருக்கு செஸ்ஸோட சேர்த்து 43, இப்ப 40. நாலு மீட்டருக்குள்ள, சின்ன இன்ஜின் இருந்தா மட்டும் 18. பிளக்-இன்னுக்குன்னு பெரிய பேட்டரியும் வைக்கணும், முழு இன்ஜினும் வைக்கணும், மேல 40 சதவீதமும் கட்டணும்னா எந்தக் கம்பெனி அதை 20 லட்சத்துக்குள்ள தரும்? உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில ஸ்ட்ராங் ஹைபிரிடுக்கும் பிளக்-இன்னுக்கும் பதிவு வரியைத் தள்ளுபடி பண்ணிச்சு. நம்ம புதுச்சேரி நம்பர் பிளேட்டுக்கு வேற வகையில புகழ் உண்டு: வரி குறைவுங்கறதால, விலையுயர்ந்த கார்களை இங்க முகவரி காட்டிப் பதிவு பண்ணாங்கன்னு 2017-ல கேரளாவுல பெரிய சர்ச்சையே ஆச்சு.

ஆக, அப்பா முன்னாடி நிஜமா இருந்தது ரெண்டு வழி: ஒரே மாடலோட பெட்ரோல் ஆட்டோமேட்டிக், இல்லை ஸ்ட்ராங் ஹைபிரிட். ஆட்டோமேட்டிக்கையும் ஹைபிரிடையும்தான் ஒப்பிடணும். மேனுவலோட ஒப்பிட்டு "நாலு லட்சம் கூட"ன்னு மிரளாதீங்க, ஹைபிரிட்ல கியர் மாத்துற வேலையே இல்லை. எங்களுக்கு வந்த கொட்டேஷன்படி ஆன்-ரோடு வித்தியாசம் கிட்டத்தட்ட 3 லட்சம்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? நாள் ஒண்ணுக்கு டவுனுக்குப் போய் வர 12, மாசம் 25 நாள், அது வருஷத்துக்கு 3,600. சென்னைக்கு மாசம் ஒரு தடவை, போக வர 320, அது 3,840. கடலூர், விழுப்புரம், கல்யாணம், காதுகுத்துன்னு மிச்சம் ஒரு 2,500. மொத்தம் 10,000-ன்னு வெச்சுக்கிட்டோம்.

மைலேஜுக்கு விளம்பர எண்ணை எடுக்கல. ஏஆர்ஏஐ சோதனையில ஹைரைடர் ஹைபிரிட் லிட்டருக்கு 27.97. ஓட்டுற நண்பர்கள் சொன்னதை வெச்சு நான் ஹைபிரிடுக்கு 22, பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 15-ன்னு போட்டேன். பெட்ரோல் விலை? இங்கதான் புதுச்சேரியோட குணம் வருது. சென்னையில லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிக்கும்போது நம்ம ஊர்ல சுமார் 96. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரங்க டேங்க்கை நிரப்ப இங்க வர்றது தெரிஞ்சதுதானே. பெட்ரோல் மலிவா இருக்கிற ஊர்ல, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற கார் அதோட காசைத் திருப்பித்தர இன்னும் நாளாகும். இது பலருக்குத் தோணுறதே இல்லை.

பெட்ரோல் காருக்கு வருஷத்துக்கு 667 லிட்டர், 64,000 ரூபாய். ஹைபிரிடுக்கு 455 லிட்டர், 43,700 ரூபாய். மிச்சம் 20,000-க்குக் கொஞ்சம் மேல. 3 லட்சத்தை இதால வகுத்தா கிட்டத்தட்ட 15 வருஷம்.

15 வருஷம்னதும் நான் கொஞ்சம் வக்கீல் வேலை பார்த்தேன். பெட்ரோல் விலை ஏறும்ப்பா, ரீசேல் நல்லா இருக்கும்ப்பா, பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்குப்பா. அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, பழைய டைரியை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். போஸ்ட் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு வட்டி 8.2 சதவீதம். 3 லட்சத்துக்கு வருஷ வட்டி 24,600 ரூபாய்.

"நீ சொல்ற கார் எனக்கு வருஷத்துக்கு இருபதாயிரம் மிச்சம் பண்ணும். அந்தப் பணத்தை நான் தொடாம வெச்சா வருஷத்துக்கு இருபத்தி நாலாயிரத்து அறுநூறு வரும். பணமும் அப்படியே இருக்கும். இதுல நான் எதுக்கு ஹைபிரிட் வாங்கணும்?"

என் ஸ்ப்ரெட்ஷீட்ல இருபத்தேழு செல் இருந்தது. வட்டிக்கு ஒரு செல் கூட இல்லை.

விடலையே நான். "சரிப்பா, ஒருவேளை நாளைக்கு நல்ல விலையில பிளக்-இன் வந்தா?" அதையும் போட்டோம். அப்பாவோட 10,000-ல சுமார் 5,000 கிலோமீட்டரை வீட்டு கரண்ட்ல ஓட்டலாம்: டவுன் ஓட்டம் முழுக்க, சென்னைப் பயணத்துல முதல் அறுபது, எழுபது கிலோமீட்டர், அதாவது மரக்காணம் தாண்டி. கார் ஓட ஆரம்பிச்சா பில் மேல் ஸ்லாபுக்குத் தாவும், அதனால யூனிட்டுக்கு 8 ரூபாய்னே வெச்சேன். ஒரு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர்னா, கிலோமீட்டருக்கு 1.60. ஹைபிரிட் பெட்ரோல்ல 4.36. வருஷத்துக்கு சுமார் 13,800 ரூபாய் கூடுதல் மிச்சம். ஹைபிரிடைவிட 5 லட்சம் கூட விலை இருந்தா, அதைத் திருப்பி எடுக்க 36 வருஷம். அப்பாவுக்கு இப்ப 60. "தொண்ணூத்தாறு வயசுல லாபம் பார்ப்பேன்"னார்.

இதைக் கேட்டுட்டு "அப்போ ஹைபிரிட் வேஸ்ட்"னு கமெண்ட் போடாதீங்க. இது அப்பாவோட கணக்கு. எங்க தெருவுல டிராவல்ஸ் வெச்சிருக்கிற மாமா ஒருத்தர் இருக்கார். அவரோட வண்டி வருஷத்துக்கு 60,000 கிலோமீட்டர் ஓடுது. ஹைவேல ஹைபிரிடோட பலம் குறையும், அதனால 22-க்குப் பதிலா 20-ன்னே போடுங்க. பெட்ரோல் கார் 4,000 லிட்டர் குடிக்கும் இடத்துல ஹைபிரிட் 3,000. வருஷத்துக்கு 96,000 ரூபாய் மிச்சம், மூணு வருஷம் கொஞ்சம் தாண்டினா 3 லட்சம் கைக்கு வந்துடும். வாரண்டி கிலோமீட்டரும் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும், அது அவர் கவலைப்பட வேண்டிய விஷயம். பெங்களூர்ல, சென்னையில தினமும் ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல ஊர்றவங்களுக்கும் ஹைபிரிட் சரியான ஆயுதம். காசு கணக்கு சரிவராட்டியும் அந்த அமைதிக்காகவே வாங்குறவங்க இருக்காங்க. அது தப்பே இல்லை, ஆனா "பெட்ரோல் மிச்சம்"னு சொல்லிக்கிட்டு வாங்காதீங்க.

"முழு எலெக்ட்ரிக்கே வாங்கலாமே"ன்னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. ஊருக்குள்ளயே ஓட்டுறவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். எங்க வீட்ல அது பேச்சுக்கு வந்தப்போ அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க: ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி அந்தப் புயல் புதுச்சேரி பக்கத்துலதான் கரையைக் கடந்தது. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க பக்கம் கரண்ட் திரும்ப ரெண்டு நாள் ஆச்சு. அந்த மாதிரி நேரத்துல சென்னைக்குப் போக வேண்டிய தேதி வந்துட்டா? அம்மா பயம் அது. ஹைபிரிட், பிளக்-இன் ரெண்டுக்கும் இதுல ஒரு பலம் உண்டு: கரண்ட் இல்லாட்டியும் டேங்க்ல பெட்ரோல் இருக்கும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் இதுக்கு நேர் எதிர்க் கதை வெச்சிருக்கார். 2022-ல இலங்கையில பெட்ரோலுக்கு கியூஆர் கோடு வந்து, காருக்கு வாரம் 20 லிட்டர்னு அளந்து கொடுத்தப்போ, அவரோட பழைய டொயோட்டா அக்வா ஹைபிரிட் அந்த 20 லிட்டரை வெச்சே வாரத்தை ஓட்டிடுச்சாம்.

அவர் சொன்ன ரெண்டு பராமரிப்பு விஷயம், ஹைபிரிட் வாங்குறவங்க குறிச்சு வெச்சுக்கங்க. நிறைய ஹைபிரிட்ல பின் சீட் ஓரத்துல ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரி குளிர அதுவழியா காருக்குள்ள இருக்கிற காத்தை இழுக்குது. அதுமேல பையை வெச்சு அடைச்சாலோ, தூசி சேர்ந்தாலோ பேட்டரி சூடாகி ஆயுசு குறையும். பழைய ஹைபிரிட் பார்க்கப் போனா முதல்ல அந்தத் துவாரத்தைப் பாருங்க, ஓனர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சிடும். இன்னொண்ணு, பெரிய பேட்டரி எவ்வளவு இருந்தாலும் காரை எழுப்புறது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்துட்டா காரும் படுத்துடும். வெள்ளத்துல மாட்டின ஹைபிரிடை நீங்களா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. ஆரஞ்சு நிற ஒயர் எல்லாம் உயர் மின்னழுத்தம், தெரிஞ்ச மெக்கானிக் மட்டும் தொடட்டும்.

அப்பா என்ன வாங்கினார்னு கேப்பீங்க. போன வாரம் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை புக் பண்ணிட்டார். மறுநாளே போஸ்ட் ஆபீஸ் போய் 3 லட்சத்தைப் போட்டுட்டு வந்து, பாஸ்புக்கை என் லேப்டாப் மேல வெச்சுட்டுப் போனார். அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம், "சித்தப்பாகிட்ட 2022-லயே கேட்டிருக்கணும்டா"ன்னாங்க. வண்டி டெலிவரி ரெண்டு வாரத்துல. முதல் ஓட்டம் அம்மாவோட செக்கப்புக்கு, ஈசிஆர் வழியா.

உங்க வீட்டுப் பஞ்சாயத்து ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு நாள்ல எத்தனை கிலோமீட்டர், கார் எங்க நிக்குதுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.